ஏழு-சியின் மஞ்சள் விளக்கு

பதினோராம் பிளாக்கில் யாரோ ஒருத்தி நிமிடத்துக்கு நாற்பதாயிரம் தடவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

சுகிர்தா கைக்கணினியின் திரையைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எண் குறையவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன அறையில் மின்விசிறி கிடையாது. நாற்பத்தெட்டு வீடுகளின் இணையக் கம்பிகளும் வந்து சேரும் ஸ்விட்ச் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அதன் சூடும் மே மாதத்துச் சூடும் சேர்ந்து அவள் முதுகை நனைத்தன. காலையிலிருந்து இது நான்காவது பிளாக். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே புளித்திருக்கும்.

தொலைபேசி அடித்தது. மேலதிகாரி பாரி.

"சுகிர்தா, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இப்பதான் சார் கதவையே திறந்திருக்கேன்."

"அந்த நாலு-பி கோதண்டம். முந்தாநாள் காலையில பத்து இருபதுக்குப் பக்கவாதம் வந்து விழுந்திருக்காரு. நமக்கு அலாரம் வந்தது பதினொண்ணு பத்துக்கு. அம்பது நிமிஷம் தரையில கிடந்திருக்காரு மனுஷன். உடனே போயிருந்தா கை தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாராம். இப்ப வலது பக்கமே விளங்கல."

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. ஆறு மணிக்குள்ள எனக்கு ரிப்போர்ட் வேணும். மேல கேக்குறாங்க, யார் காரணம்னு."

"என்ன காரணம்னா, யார் காரணம்னா சார்?"

"ரெண்டும்தான்" என்று பாரி வைத்துவிட்டார்.

இந்த பிளாக்குகளில் வீட்டுக்கு இரண்டு பெட்டிகள். ஒன்று கூடத்தில், கம்பியோடு; மற்றொன்று படுக்கையறையில், கம்பியில்லாமல். இரண்டும் காற்றிலேயே பேசிக்கொள்ளும். மெஷ் என்று பெயர். முதலில் இணையம் எல்லா மூலைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் வைத்தார்கள். அந்த ரேடியோ அலைகளுக்குக் குறுக்கே மனித உடம்பு நடந்தாலும் படுத்தாலும் மூச்சு விட்டாலும் அலை கொஞ்சம் கலைகிறது என்பதும், அந்தக் கலைசலைப் படிக்க முடியும் என்பதும் பிறகு தெரிந்தது. அதிலிருந்து பெட்டிகள் ஆளைக் கணக்கெடுக்கத் தொடங்கின. பெரியவர் ஒருவர் இருந்தால் பெட்டியில் மஞ்சள் விளக்கு. குழந்தை இருந்தால் பச்சை. வினாடிக்கு ஒரு குறிப்பு கம்பி வழியாக இந்த ஸ்விட்சுக்கு வந்து, இங்கிருந்து கண்காணிப்பு மையத்துக்குப் போகும். யாராவது விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும். குழந்தை அரை மணி நேரத்துக்கு மேல் தனியாக இருந்தால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கைக்கு வேன் வரும். குழந்தையை விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். சுகிர்தாவே பல வீடுகளில் அப்படிச் சொல்லிப் பெட்டி மாட்டியிருக்கிறாள்.

மூன்று வாரமாகப் பதினோராம் பிளாக்கில் எல்லாம் மெதுவாக இருப்பதாகப் புகார். அவளும் மூன்று தடவை வந்தாள். எல்லா பிளாக்கும் முடித்துவிட்டு இங்கே வரும்போது இரவு எட்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் ஸ்விட்ச் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டுவிட்டுப் போய்விடுவாள். இன்றுதான் முதன்முறையாகப் பகல் மூன்று மணிக்கு வந்திருக்கிறாள்.

ஸ்விட்சில் ஏழு-சி வீட்டுக் கம்பி செருகியிருந்த துளையில், அந்த வீட்டின் போர்ட்டில், விளக்கு மின்னவில்லை. நிலையாக எரிந்தது. மின்னுவதற்குக்கூட இடைவெளி இல்லாத அளவுக்கு அங்கிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குறிப்பு. காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக் குறிப்பு. 'பெரியவர் ஒன்று, குழந்தை ஒன்று.' அது வீட்டுக்குள் ஒரு வழியாக நுழைந்து இன்னொரு வழியாக வெளியே வந்து, மறுபடி நுழைந்து, சுற்றிக்கொண்டே இருந்தது. லூப். நாற்பத்தெட்டு வீட்டுக் குறிப்புகளும் அதன் பின்னால் வரிசையில் நின்றன. முந்தாநாள் அந்த வரிசையில்தான் கோதண்டமும் நின்றிருக்கிறார், ஐம்பது நிமிடம்.

லூப் வந்தால் அந்த போர்ட்டை ஸ்விட்ச் தானாகவே மூட வேண்டும். அதற்கென்று ஒரு தடுப்பு உண்டு. ஏன் மூடவில்லை என்று பார்க்க சுகிர்தா அமைப்புகளைத் திறந்தாள்.

தடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. பக்கத்தில் அணைத்தவர் பெயர். அவள் பெயர்தான்.

அவளுக்கு நினைவு வந்தது. அந்தத் தடுப்புக்கும் மெஷ் பெட்டிகளுக்கும் ஒத்துப்போவதில்லை. பெட்டிகள் காற்றில் பேசிக்கொள்வதைப் பார்த்தாலே லூப் என்று பயந்து நல்ல போர்ட்டையெல்லாம் மூடிவிடும். ஒரு நாளைக்கு முப்பது புகார். தொல்லை தருகிற போர்ட்டுகளில் மட்டும் ஒவ்வொன்றாகத் தடுப்பைத் தளர்த்த வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த சனிக்கிழமை அவள் கண் எரிந்தது. ஒரே வரியில் பிளாக் முழுவதற்கும் அணைத்துவிட்டு, திங்கட்கிழமை வந்து சரிசெய்துகொள்ளலாம் என்று போனாள். அப்படியொரு திங்கட்கிழமை வரவே இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போக முடிந்தது.

ஏழு-சியின் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஒன்பது வயது இருக்கும். இரட்டைப் பின்னல், ஒன்று மட்டும் அவிழ்ந்திருந்தது.

"யாரு?"

"நெட் ஆபீஸ்ல இருந்து வர்றேன்மா. ஸ்விட்ச்ல ஒரு கோளாறு, பாக்கணும்."

"எங்க வீட்டு ஸ்விட்ச் எல்லாம் நல்லா எரியுது."

"லைட் ஸ்விட்ச் இல்லம்மா. கீழ இருக்கிறது. அம்மா இல்லையா?"

"குளிக்கிறாங்க."

"மூணு மணிக்கா? இந்த பிளாக்ல காலையில ஆறு மணிக்கு மேல தண்ணியே வராதே."

சிறுமி யோசித்தாள். "பக்கெட்ல புடிச்சு வச்சிருந்தாங்க."

"சரி. குளிச்சிட்டு வரட்டும். நான் இப்படியே உக்காந்திருக்கேன்." சுகிர்தா நிஜமாகவே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத் தெம்பு இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆன்ட்டி, நீங்க சென்டர் ஆளா?"

"இல்ல. கம்பி மாட்டுற ஆளு."

"வேன் கொண்டு வந்திருக்கீங்களா?"

"வேன் இருந்தா ஏன்டா ஏழு மாடி நடந்து வர்றேன்? பஸ்ல வந்தேன்."

சங்கிலி விலகியது.

கூடத்துப் பெட்டியில் ஒரு மஞ்சள், ஒரு பச்சை. குளியலறை காலியாக இருந்தது. படுக்கையறையில் இருந்த பெட்டியின் பின்பக்கத்திலிருந்து நீலக் கம்பி ஒன்று இறங்கி, கட்டிலுக்கு அடியில் போய், சுவரில் சும்மா கிடக்க வேண்டிய இரண்டாவது துளையில் செருகியிருந்தது. காற்றிலும் ஒரு வழி, கம்பியிலும் ஒரு வழி. அவ்வளவுதான் லூப்.

"உன் பேர் என்ன?"

"பவிஷா."

"இது யார் செருகினது பவிஷா? அம்மாவா?"

"அம்மாவுக்குத் தெரியாது." சிறுமி கம்பிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "சும்மாதான் சொருகுனேன். தொளை காலியா இருந்துச்சுன்னு. அப்புறம் அம்மா வேலைக்குப் போனாங்க. ஆனா லைட்டு போகல. அம்மா போயிட்டாங்க, அம்மா லைட்டு மட்டும் எரியுது. அம்மா வந்ததும் புடுங்கினா சரியாயிடுது. தினம் அம்மா செருப்பு போடறப்ப சொருகிடுவேன். போனப்புறம் சொருகக் கூடாது. ஒரு தடவை லேட்டா சொருகி நான் மட்டுமே சுத்துனேன். அன்னிக்குத்தான் ரெண்டாவது எச்சரிக்கை வந்துச்சு."

சுகிர்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறாள். லூப்பை இவ்வளவு சுருக்கமாக யாரும் அவளுக்கு விளக்கியதில்லை.

"பகல்ல உன்கூட யாரும் இருக்கிறதில்லையா?"

"பக்கத்து வீட்டு நூர்ஜஹான் ஆன்ட்டி வந்து உக்காருவாங்க. அவங்க பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு வாணியம்பாடி போயிட்டாங்க. நாப்பது நாள் கழிச்சுத்தான் வருவாங்க. அம்மாகிட்ட சொல்லிடுன்னாங்க."

"நீ சொல்லல."

"சொன்னா அம்மா வேலைய விட்டுடுவாங்க. போன வருஷமும் எனக்காகத்தான் விட்டாங்க. அப்புறம் வேலையே கிடைக்கல. தினமும் அழுதாங்க." பவிஷா பெட்டியைப் பார்த்தாள். "மொதல்ல எச்சரிக்கைக்கு பயந்துதான் தினமும் சொருகுனேன். இப்ப லைட்டு எரிஞ்சா கொஞ்சம் நல்லாவும் இருக்கு."

"எத்தனை நாளா?"

"பத்தொம்போது."

சுகிர்தா கம்பியைப் பிடித்தாள். பவிஷா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கை, ஆனால் பிடி விடவில்லை.

"புடுங்காதீங்க ஆன்ட்டி. நான் யாருக்கும் ஒண்ணும் பண்ணலையே. எங்க வீட்டுக்குள்ளதானே சுத்துது?"

"இல்லடா. கீழ வரைக்கும் போகுது. எல்லார் வீட்டுக் குறிப்பும் இது பின்னாடி நிக்குது."

அந்த நேரம் பார்த்து பாரி அழைத்தார். சுகிர்தாவின் தொலைபேசியில் ஒலிபெருக்கிதான் வேலை செய்யும்; காதில் வைக்கிற பகுதி போன மாதமே கெட்டுவிட்டது.

"அந்த லேட்டுக்குக் காரணம் ஒரு வீடுதான்னு இங்க சொல்றாங்க. எவனோ வீட்டுல கம்பிய மாத்திச் செருகியிருக்கான். அவனால ஒரு மனுஷனுக்குக் கை போயிடுச்சு. வீட்டு நம்பர மட்டும் குடுங்க, மத்ததை சென்டர் பாத்துக்கும்."

"பாத்துட்டு இருக்கேன் சார்." அவள் அவசரமாக அணைத்தாள்.

பவிஷா பிடியை விட்டிருந்தாள்.

"யாருக்குக் கை போச்சு?"

"நாலு-பியில ஒருத்தருக்கு. முடியாமப் போயி விழுந்துட்டாரு."

"என்னாலயா?"

சுகிர்தா உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். களைப்பில் ஒரு கணம் தாமதித்துவிட்டாள். அந்த ஒரு கணத்தில் சிறுமியின் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"இல்ல" என்றாள் சுகிர்தா. "நீ தப்பாத்தான் சொருகுன. சின்னப் பசங்க தப்பா சொருகுவாங்கன்னுதான் கீழ ஒரு தடுப்பு வச்சிருக்காங்க. அது இருந்திருந்தா நீ சொருகுன நிமிஷமே மூடியிருக்கும். அதை அணைச்சது நான். பெரியவங்க வேலையை நான் ஒழுங்காப் பாக்கல. புரியுதா?"

"ஏன் அணைச்சீங்க?"

"தூக்கம் வந்துச்சு."

பவிஷா அதை நம்பினாள். அம்மாவும் அப்படி நிறையச் செய்திருப்பாள் போலிருக்கிறது.

சிறுமி தானே குனிந்து கம்பியைப் பிடுங்கினாள். இருவரும் கூடத்துக்கு ஓடிவந்து பெட்டியைப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அணையப்போகிறது என்றுதான் சுகிர்தா நினைத்தாள். அணையவில்லை. நின்று எரிந்தது.

"இன்னும் சுத்துதா?"

"இல்ல" என்றாள் சுகிர்தா மெல்ல. "இது நான்."

பெட்டிக்குப் பெயர் தெரியாது. உயரம், நடை, மூச்சு, அவ்வளவுதான் அதற்குப் புரியும். ஆளின் பெயர் சொல்லும் பெட்டிகளும் உண்டு. இந்த பிளாக்குகளுக்கு அவற்றைத் தரவில்லை.

"அப்ப நீங்க போனா?"

"அரை மணி நேரத்துல மூணாவது எச்சரிக்கை."

"அம்மாவுக்குப் போன் பண்ணலாம்னா, ஆஸ்பத்திரி லாண்டரில போனையெல்லாம் பூட்டி வச்சிடுவாங்க. ஏழரைக்குத்தான் குடுப்பாங்க."

போக முடியாது என்பது தெளிவானதும் சுகிர்தாவுக்கு, வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கைக்கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். இங்கிருந்தே ஸ்விட்சுக்குள் போகலாம். முதலில் பிளாக் முழுவதற்கும் தடுப்பைப் போட்டாள். பதினொரு போர்ட்டுகள் உடனே மூடிக்கொண்டன. அவை ஒவ்வொன்றையும் திறந்து, அந்த வீட்டுப் பெட்டிகள் எப்படிப் பேசுகின்றன என்று பார்த்து, அதற்குத் தக்கபடி தளர்த்தி, மறுபடி சோதித்தாள். அன்றைக்குச் சோம்பல்பட்ட அதே இரண்டு மணி நேர வேலை. பவிஷா பக்கத்தில் உட்கார்ந்து, மூடிய போர்ட் திறக்கும்போதெல்லாம் வீட்டு எண்ணைச் சத்தமாகப் படித்தாள். நாலு-பி வந்தபோது படிக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். வீட்டார் தவறு. கருவிக் கோளாறு. ஊழியர் தவறு. முதல் கட்டத்தைத் தொட்டால் வீட்டு எண் கேட்கும், மறுநாளே ஆள் வரும். இரண்டாவதைத் தொட்டால் கருவியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சோதிப்பார்கள். ஸ்விட்சின் நினைவில் ஏழு-சி இருக்கும். பொய் சொல்லத் தெம்பு வேண்டும். சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னும் அதிகம் வேண்டும். அவள் மூன்றாவதைத் தொட்டாள். சனிக்கிழமை தேதியையும் தன் பெயரையும் எழுதினாள்.

இரண்டு நிமிடத்தில் பாரி. இந்தத் தடவை அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"ஊழியர் தவறுன்னு விழுந்திருக்கு. கை பட்டுடுச்சா?"

"இல்ல சார். பாத்துதான் போட்டேன்."

"சுகிர்தா, விளையாடாதீங்க. எந்த போர்ட்ல லூப்?"

"தடுப்பு இருந்திருந்தா எந்த போர்ட்டா இருந்தாலும் நின்னிருக்கும் சார்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அதுதான் சார் பதில்."

பாரி மூச்சு விடுவது கேட்டது. "ஒரு மாசம் சஸ்பெண்ட் பண்ணுவாங்க. அதுக்கு மேலயும் ஆகலாம். உங்க இடத்துக்கு நான் யாரைப் போடுவேன்?"

"ரெண்டு பேரைப் போடுங்க சார். ஒரு ஆளு பாக்கிற வேலை இல்ல இது."

எட்டு பத்துக்கு பவிஷாவின் அம்மா சந்தியா வந்தாள். சலவைச் சோடாவில் வெளுத்த விரல்கள். கூடத்தில் அன்னியப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பதையும் மகள் அவள் டப்பாவிலிருந்து புளித்த எலுமிச்சைச் சோற்றைத் தின்றுகொண்டிருப்பதையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பவிஷா எல்லாவற்றையும் தானே சொன்னாள், ஒரே மூச்சில், சுவரைப் பார்த்துக்கொண்டு. சந்தியா மகளை அடிக்கப்போகிறாள் என்றுதான் சுகிர்தா நினைத்தாள். அவளோ கீழே உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த பின்னலைப் பிரித்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

"பத்தொம்போது நாளா" என்றாள் பிறகு. "நான் தினமும் வந்து, நூர்ஜஹான் அக்கா என்ன சொன்னாங்கன்னு கேப்பேன். இவளும் எதையாச்சும் சொல்லுவா. நேத்து அவங்களுக்கு மூட்டுவலின்னா."

"பொய் நல்லா சொல்றா" என்றாள் சுகிர்தா.

"எங்கிட்ட இருந்துதான்." சந்தியா அவளை நேராகப் பார்த்தாள். "நாளைக்கே வேலைய விட்டுடறேன். வேற வழி இல்ல."

"நாளையிலிருந்து எனக்கு ஒரு மாசம் வேலை இல்லங்க. நான் வந்து இங்க இருக்கலாமா?"

"எதுக்கு? நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"பெட்டிக்கும்தான் தெரியாது. நூர்ஜஹான் அக்கா வர்ற வரைக்கும்தான்."

"யாரும் சும்மா ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"சும்மா இல்லங்க. என்னால ஒருத்தருக்குக் கை போச்சு. வீட்டுல தனியா உக்காந்து அதையே நெனைக்க எனக்கு பயமா இருக்கு."

சந்தியா சுகிர்தாவின் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள். மறுபக்கத்து ஏழு-டி வீட்டில், நாளையிலிருந்து மணிக்கொரு தடவை கதவைத் தட்டிப் பார்க்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். சுகிர்தாவுக்கு அது சரியென்றே பட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் ஒரு தலையணையோடு வந்தாள்.

"இங்க என்ன வேலை செய்யப்போறீங்க?" என்று கேட்டாள் பவிஷா.

"மூச்சு விடணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் கேக்குறாங்க."

முதல் நான்கு நாளும் அவள் பெரும்பாலும் தூங்கினாள். ஏழு-டிக்காரி தட்டும்போதெல்லாம் பவிஷாவே போய், "தூங்குறாங்க, உயிரோடதான் இருக்காங்க" என்று சொல்லி அனுப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. விழித்திருக்கும் பெரியவரா, தூங்கும் பெரியவரா என்று மையத்துக்குக் கவலையில்லை.

ஆறாம் நாள் கோதண்டத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். மகன் வெளிநாட்டில். காலையிலும் மாலையிலும் ஒரு தாதி வருவாள்; நடுவில் அவர் தனியாக இருப்பார். பெரியவர் தனியாக இருப்பதில் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. அன்று மதியம் பவிஷா சாப்பிடாமல் தட்டை அளைந்துகொண்டிருந்தாள்.

"அவரைப் பாக்கப் போலாமா ஆன்ட்டி?"

சுகிர்தாவுக்குப் போக விருப்பமில்லை. ஆனாலும் எழுந்து செருப்பை மாட்டினாள்.

நாலு-பியின் கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. உள்ளே தாழ்ப்பாளோடு இடது கை மல்லுக்கட்டுவது கேட்டது. மெலிந்த மனிதர். வலது கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"நான்தான் சார், கீழ இருக்கிற ஸ்விட்ச்சைப் பாக்கிற ஆளு" என்றாள் சுகிர்தா. "அன்னிக்கு அலாரம் லேட்டா போனது என் தப்பு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." பவிஷாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பவிஷா அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி, கூடத்துப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். அதில் இப்போது இரண்டு மஞ்சளும் ஒரு பச்சையும் எரிந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"விழுந்து கிடக்கறப்ப..." என்று தொடங்கினார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, வளைந்து வந்தன. "கத்த முடியல. ஆனா லைட்டு எரிஞ்சுது. என் லைட்டு. பாத்துட்டுதான் இருக்காங்க, இப்ப வந்துடுவாங்கன்னு... அதையே பாத்துட்டுக் கிடந்தேன்."

பவிஷா துப்பட்டாவை விட்டுவிட்டு உள்ளே போனாள். அவருடைய இடது கைப்பக்கம் போய் நின்று, "உக்காருங்க தாத்தா, கால் வலிக்கும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.